இரட்டை விசில்

ஜூன் 3

வேலையில் சேர்ந்த முதல் வாரம் ஆசிரியர் அறையில் எமலி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அவள் பி.டி. டீச்சர். கழுத்தில் விசில், காலில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. நான் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்குப் பொருளியல். "ஒங்க பாடத்துல பண்டம், பணின்னு ரெண்டு இருக்காமே. என்னைய எதுல சேப்பீங்க?" என்றாள். பணி என்றேன். பண்டத்தை வாங்கி அலமாரியில் வைக்கலாம். பணியை அப்படி வைக்க முடியாது, முடி வெட்டுவது போல, கச்சேரி பாடுவது போல, நடக்கும்போதே தீர்ந்துவிடும் என்று உதாரணங்களோடு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவள், "அப்ப தீர்றதுக்குள்ள வாங்க, காபி குடிப்போம்" என்றாள்.

இருவரும் ஓய்வு பெற்று வருடங்களாகிவிட்டன. இன்று அது நினைவுக்கு வரக் காரணம் முத்துச்செல்வி. பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிற பெண். வலி தணிப்புக்காக வீட்டுக்கே வந்து பார்க்கிற மருத்துவ வண்டியால் எவ்வளவு பயன் என்று கணக்கெடுக்கிறாள். பாளையங்கோட்டையில் அந்த வண்டி வந்து போகும் வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. எமலிக்குக் கணையத்தில் புற்று. இனி மருந்தில்லை என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எதிர்வரிசையில் இருந்த அவள் வீட்டைப் பூட்டிவிட்டு, கட்டிலை என் வீட்டு முன்னறையில் போட்டேன்.

"வண்டி வர்றதால ஆஸ்பத்திரிச் செலவு கொறையுது டீச்சர்" என்றாள் முத்துச்செல்வி. "ஆனா அந்தச் செலவு மறைஞ்சு போகல. வீட்டுக்குள்ள வந்துட்டு. பாத்துக்கிடுதவங்க நேரத்துக்கும் ஒரு விலை போட்டாத்தான கணக்கு நேர்மையா இருக்கும்?"

என் மாணவியாக இருந்திருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். அரைமணிக்கு ஒரு கட்டம் போட்ட தாள்களைத் தந்தாள். செய்கிற வேலையை அந்தந்தக் கட்டத்தில் எழுத வேண்டும். வெளியாளை வைத்தால் என்ன கூலி தருவோமோ அதை வைத்து அவள் பெருக்குவாள்.

பிறகு உறவுமுறை கேட்டாள். கணவர், மகன், மகள், உடன்பிறந்தோர், மருமகள், கூலியாள், மற்றவர்.

"மற்றவர்னு போடவா டீச்சர்?"

கட்டிலிலிருந்து எமலி குரல் கொடுத்தாள். "எதிரின்னு ஒரு கட்டம் இருக்கா, பாரும்மா."

மற்றவர் என்றே போட்டுக்கொண்டு போனாள். கட்டத்துக்குள் அடங்காததை எழுத இந்த நோட்டை எடுத்திருக்கிறேன்.

ஜூன் 5

காலையில் கஞ்சி. பாதி உள்ளே, பாதி தோளில். பீர்க்கங்காய் வாங்கினேன். நார் முற்றியிருந்தது.

எமலிக்குக் குரல் அமுங்கிவிட்டது. அடுக்களையில் இருந்தால் எனக்குக் கேட்பதில்லை. ஆகவே பழைய விசிலைத் தலையணையடியில் வைத்திருக்கிறாள். ஒரு ஊது ஊதினால் நான் போக வேண்டும். மைதானத்தில் ஐநூறு பிள்ளைகளை நிறுத்தியவள், இப்போது என் ஒருத்தியை ஓடவைக்கிறாள்.

"ஏட்டி பகவதி, நீ ஸ்கூல்ல ஒரு நாளாவது ஓடிருக்கியா?"

"இல்ல."

"அதான் இப்ப ஓடுத."

வண்டியில் வருகிற கோமதி சிஸ்டர் இதைக் கேட்டுச் சிரித்தார். மார்ஃபின் மாத்திரையை நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும், வலி வந்த பிறகு துரத்தக் கூடாது என்று மறுபடியும் சொன்னார். எனக்கு எதையும் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் தலையாட்டினேன்.

ஜூன் 9

கோயம்புத்தூரிலிருந்து எமலியின் தங்கை ரோஸ்லின் வந்திருக்கிறாள். அவர்கள் அம்மா இறந்தபோது மூண்ட சண்டைக்குப் பிறகு அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டதே இல்லை. எமலி சண்டையிட்ட கதையை எத்தனையோ தடவை கேட்டு, அவள் பக்கமே நியாயம் என்று நானும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

வாசலில் செருப்பைக் கழற்றாமலே ரோஸ்லின் உள்ளே ஓடினாள். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் காபி போட்டேன். ஆறியது. மறுபடி சுட வைத்தேன்.

"ஒனக்கு யாரும்மா சொன்னது?" என்று கேட்டேன்.

"அக்காதான் போன் பண்ணுனா டீச்சர். நீங்க மருந்துக் கடைக்குப் போயிருந்தீங்களாமே."

நல்ல விஷயம்தான். கூடப்பிறந்தவள் வருவது நல்லதுதான். போன் வேண்டுமென்றால் என்னிடமே கேட்டிருக்கலாம், நான் எடுத்துக் கொடுத்திருப்பேன் என்பது மட்டும்தான்.

ஜூன் 10

எமலி புது ஏற்பாடு செய்திருக்கிறாள். ஒற்றை விசில் எனக்கு. இரட்டை விசில் ரோஸ்லினுக்கு.

"அப்பத்தான் ரெண்டு பேரும் வாசல்ல முட்டிக்கிட மாட்டீங்க" என்றாள்.

முத்துச்செல்வி ரோஸ்லினுக்கும் ஒரு கட்டு தாள் கொடுத்துவிட்டுப் போனாள். உறவுமுறை கேட்க வேண்டியிருக்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஜூன் 12

இன்று நான் வைத்த ரசம் புளிப்பாம். ரோஸ்லின் வைத்ததை எமலி கிண்ணத்தைச் சாய்த்துக் குடித்தாள். அதே புளிதான்.

ஜூன் 14

ரோஸ்லின் தலை வாரிவிட்டாள். மருந்தில் உதிர்ந்தது போக மிச்சம் இருப்பது நாரத்தங்காய் மேல் பஞ்சு போல. அதை வாருவதற்கு அவ்வளவு நேரம். இருவரும் நாசரேத் ஊர்ப் பள்ளியில் படித்த காலத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள். எமலி வேப்பமரத்தில் ஏறி இறங்கத் தெரியாமல் மாலை ஜெபம் முடியும்வரை கிளையிலேயே உட்கார்ந்திருந்தது. எமலிக்கு வீட்டில் 'சிட்டு' என்று பெயர் இருந்தது.

இவ்வளவு வருடத்தில் அந்தப் பெயரை என்னிடம் சொன்னதில்லை.

"ஒனக்கு எதுக்குட்டி அது? நீ எமலின்னு கூப்பிடத்தான் எனக்குப் பிடிக்கும்" என்றாள். சமாதானத்துக்குச் சொன்னதாகவே எனக்குப் பட்டது.

நான் எழுந்து போகவில்லை. ரோஸ்லின் வாரி முடிக்கும்வரை நாற்காலியில் உட்கார்ந்து துண்டுகளை மடித்தேன். ஏற்கனவே மடித்திருந்த துண்டுகள். என் தாளில் அந்தக் கட்டங்களில் 'நோயாளியுடன் இருத்தல்' என்று எழுதினேன். இருந்தேன் அல்லவா?

ஜூன் 17

ரோஸ்லின் இன்று வெளிப்படையாகக் கேட்டுவிட்டாள். அக்காவைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போக வேண்டுமாம். அவள் மகனுக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி, பெரிய டாக்டர், எல்லா வசதியும் இருக்கிறதாம். எமலி தூங்குகிறாள் என்று அடுக்களையில் நின்று பேசினோம்.

"இங்க வெச்சு நாம சும்மா பாத்துட்டுத்தானுங்க இருக்கோம் டீச்சர்."

சும்மா. அந்தச் சொல்லை என் வகுப்பில் யார் சொன்னாலும் பெஞ்சு மேல் ஏற்றுவேன். பொறுமையாக விளக்கினேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நாள் என்ன ஆகும், அதில் எமலிக்கு என்ன கிடைக்கும், இங்கே என்ன கிடைக்கிறது. பசித்தவனுக்கு முதல் இட்லி அமிர்தம், பத்தாவது இட்லி வயிற்று வலி, அதுபோல சிகிச்சையும் ஓர் அளவுக்குமேல் கெடுதல்தான் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே என் பேச்சு பிடித்தது.

"எங்கக்காவுக்கு இட்லிக் கணக்கு போடுதீங்களா?" என்று மட்டும் கேட்டாள் ரோஸ்லின். கோயம்புத்தூர்ப் பேச்சு போய், ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

நான் சொன்னது சரி. கோமதி சிஸ்டரும் அதையேதான் சொல்வார். ஆஸ்பத்திரியில் உறவுக்காரர் ஒருவரைத்தான் உள்ளே விடுவார்கள் என்பதை நான் வாதத்தில் சேர்க்கவில்லை. அது அதற்குச் சம்பந்தமில்லாதது.

ஜூன் 19

முத்துச்செல்வி வந்தாள். தாள்களை மடியில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"தப்பா எடுத்துக்கிடாதீங்க டீச்சர். ரெண்டு பேர் தாளையும் கூட்டுனா ஒரு நாளைக்கு முப்பத்தோரு மணி நேரம் வருது."

எமலிக்குச் சிரிப்பு வந்தது. விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சாவக் கெடக்கவளுக்கு நாள் நீளந்தானம்மா" என்றாள்.

ஒருவர் வேலை செய்ய, இன்னொருவர் பக்கத்தில் இருந்தால் செய்தவர் நேரம் மட்டும்தான் கணக்கு என்றாள் முத்துச்செல்வி. யாராவது சில கட்டங்களை அடிக்க வேண்டும். ரோஸ்லின் பேனாவை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

ஒவ்வொரு வருடமும் ஜூலை மாதம் தேசிய வருமானம் பாடம் வரும். பருத்தியின் விலை, நூலின் விலை, சேலையின் விலை மூன்றையும் கூட்டாதே, சேலைக்குள்ளேயே பருத்தி இருக்கிறது, கூட்டினால் அது இரட்டைக் கணக்கு என்று கரும்பலகையில் சேலை படமே வரைந்து காட்டுவேன். பரீட்சையில் அந்தத் தவறைச் செய்த பிள்ளைகளுக்கு மதிப்பெண்ணைத் தயங்காமல் குறைத்திருக்கிறேன்.

முத்துச்செல்வி போகும்போது, "நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்றாள். ரோஸ்லினும் நானும் பேசவில்லை. இட்லிப் பேச்சிலிருந்தே அவ்வளவாகப் பேச்சில்லை.

ஜூன் 22, ஞாயிறு

ரோஸ்லின் கோயிலுக்குப் போயிருந்தாள். மாத்திரை நேரத்துக்குச் சற்று முன்பே ஒற்றை விசில். எமலியின் நெற்றி வேர்த்து, வாய் கோணியிருந்தது. மாத்திரையைக் கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டே கண் மூடினாள். வலி இறங்குவதை முகத்தில் பார்க்கலாம், மழைக்குப் பிறகு தரை காய்வது போல. எனக்கு எவ்வளவு திருப்தியாக இருந்தது.

பிறகு துணி துவைக்கக் கொல்லைக்குப் போனேன். ரோஸ்லின் வந்த சத்தம் கேட்டது. நான் உள்ளே போகவில்லை. சோப்புக் கையோடு எப்படிப் போவது?

திரும்பி வந்தபோது எமலி குறட்டைபோல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். ரோஸ்லின் தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நேரமாச்சுல்லா, மாத்திரை கொடுத்துட்டேன்" என்றாள்.

ஒரே வேளைக்கு இரண்டு மாத்திரை. கோமதி சிஸ்டருக்குப் போன் போட்டோம். எழுப்பினால் கண் திறக்கிறார்களா, மூச்சு நிதானமாக இருக்கிறதா என்று கேட்டார். தோளை அசைத்துப் பார்க்கச் சொல்லிக்கொண்டே வண்டியில் கிளம்பி வந்தார். பார்த்துவிட்டு, ஆபத்தில்லை, ஆனால் நன்றாக உறங்குவார், அடுத்த வேளையை நிறுத்துங்கள் என்றார். யாரையும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ரோஸ்லின் என்னிடம் கேட்டிருக்க வேண்டும்.

ஜூன் 23

எமலி இன்னும் சரியாக விழிக்கவில்லை. இருக்கிற கொஞ்ச நாளில் ஒரு நாளை இருவருமாக எடுத்துக்கொண்டோம்.

நானும் சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் 24

விடிந்ததும் எமலி கண் திறந்து, "எத்தன நாளாச்சுட்டி?" என்று கேட்டாள். ரோஸ்லின் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னாள். முந்திக்கொண்டு அவள் சொன்னதில், தான் கொடுத்ததுதான் இரண்டாவது என்று பழியையும் தானே எடுத்துக்கொண்டாள். முதலில் கொடுத்ததைச் சொல்லாமல் விட்டது நான் என்று குறுக்கே புகுந்து திருத்தினேன்.

எமலி எங்கள் இருவரையும் கட்டிலின் இரண்டு பக்கமும் நிற்கச் சொன்னாள். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள்.

"மூதிகளா. தொடர் ஓட்டம் பாத்திருக்கீங்கல்லா? கட்டைய வெச்சிருக்கவதான் ஓடணும். இல்லாதவ ஓடக்கூடாது, ஒக்காரணும். ஆனா கட்டை கைமாறுத எடம்னு கொஞ்சம் இருக்கு. அங்க மட்டும் ரெண்டு பேரும் ஒண்ணா ஓடணும். வாங்குதவ இறுக்கிப் பிடிச்சாத்தான் குடுக்கவ விடணும். முன்னக்கூட்டி விட்டா கட்டை கீழ விழும். விடாமலே ஓடுனா ரெண்டு பேரும் விழுவீங்க."

தலையணையடியிலிருந்து விசிலை எடுத்தாள். நாடாவை என் பக்கம் நீட்டினாள்.

"இனி எனக்கு ஊத மூச்சு இல்ல. இத யாரு கழுத்துல போட்டிருக்காளோ அவதான் மாத்திரை குடுக்கணும். மாத்தும்போது என்ன குடுத்தோம், என்ன குடுக்கலன்னு வாயால சொல்லி மாத்தணும். மொறைச்சுக்கிட்டு நிக்கக் கூடாது."

"கோயம்புத்தூரு?" என்றாள் ரோஸ்லின்.

"அங்க எனக்கு யாரத் தெரியும், ரோசி? நீ இங்க இரு." என்னைப் பார்த்தாள். "நீ அவள வெரட்டாத."

நான் எப்போது விரட்டினேன்?

ஜூன் 28

விசில் பகலில் என் கழுத்தில், சாயங்காலம் விளக்கு வைத்ததும் ரோஸ்லின் கழுத்தில். மாற்றும்போது எமலி கண்ணைத் திறந்து பார்க்கிறாள். முதல் நாள் ரோஸ்லின் முகத்தைப் பார்க்காமலே ஒப்பித்தேன். "திருப்பிச் சொல்லு" என்றாள் எமலி. பார்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. ரோஸ்லினுக்கு வலது புருவத்தில் எமலிக்கு இருக்கிற அதே சுழி. இப்போதுதான் கவனித்தேன்.

விசில் இல்லாத நேரம் கடினம். ரோஸ்லின் எமலியின் பாதத்தை வருடுவதை வாசல் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எழுந்தால் எமலி விரலை அசைக்கிறாள், உட்கார் என்று. உட்கார்வதற்கும் கூலி உண்டென்றால் இந்தத் தெருவில் நான்தான் பணக்காரி.

என் தாளில் துண்டு மடித்த கட்டங்களை அடித்துவிட்டேன். ரோஸ்லினிடம் சொல்லவில்லை. அவளும் தன்னுடையதில் அடித்திருக்கிறாள், தாள் மேஜைமேல் கிடந்தது.

ஜூலை 2

இன்று எமலி ஒரு வாய் இளநீர் குடித்தாள். அது ரோஸ்லின் முறையில்.

ஜூலை 6

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எமலியின் மூச்சு மாறியது. கோமதி சிஸ்டர் முன்பே சொல்லிவைத்திருந்தார்: ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி நீளும், பயப்படாதீர்கள், அவருக்கு அது வலியில்லை என்று.

விசில் என் கழுத்தில் இருந்தது. ரோஸ்லின் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முன்னறையில் நாங்கள் இருவர் மட்டும். அவள் கை என் கைக்குள் இருந்தது, ஆசிரியர் அறையில் காபி குடிக்க இழுத்துக்கொண்டு போன அதே கை. எமலி என்று கூப்பிட்டேன். இமை லேசாக அசைந்தது. வேறு யாரும் இல்லாமல், வேறு யார் பெயரும் நடுவில் வராமல் அப்படியே இருந்தோம். எவ்வளவு நேரம் என்று எந்தக் கட்டத்திலும் நான் எழுதப்போவதில்லை.

பிறகு விசிலை வாயில் வைத்தேன். எத்தனையோ வருடம் அதன் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன், ஒரு நாளும் ஊதியதில்லை. முதலில் வெறும் காற்று வந்தது. மறுபடி ஊதினேன்.

இரண்டு.

ரோஸ்லின் ஈரக் கையோடு ஓடி வந்தாள். கட்டிலின் அந்தப் பக்கம் முழங்கால் போட்டு, "சிட்டு" என்றாள். அவள் வந்த பிறகும் மூச்சு இருந்தது. அதை மட்டும் இங்கே தெளிவாக எழுதிவைக்கிறேன்.

ஜூலை 20

முத்துச்செல்வி கடைசித் தாள்களை வாங்க வந்தாள். எமலி போன அன்று, விசிலுக்குப் பிந்தைய அரைமணிக் கட்டத்தில் இருவர் தாளிலும் எழுதியிருப்பதைப் பார்த்துத் தயங்கினாள்.

"இந்த அரைமணிக்கு யார் பேரு டீச்சர்?"

"டீச்சர் பேரையே போடுங்க" என்றாள் ரோஸ்லின். பெருந்தன்மையிலும் என்னை முந்துகிறாள்.

"ரெண்டு பேரையும் போடும்மா" என்றேன்.

"இரட்டைக் கணக்கா ஆயிருமே."

"ஆகட்டும். ஒரு அடிக்குறிப்பு போடு. கட்டை கைமாறுத எடம்னு."

அவளுக்குப் புரியவில்லை. ரோஸ்லின் விளக்கினாள். முத்துச்செல்வி எழுதிக்கொண்டாள். ஆய்வில் அது நிற்குமோ என்னவோ. எங்கள் மணிநேரங்களை வெளியாள் கூலியால் பெருக்கி வந்த தொகையையும் காட்டினாள். நான் நினைத்ததைவிடப் பெரிய தொகை. ஆனால் ஒரு வார்த்தையும் பேசாமல் வாசலில் உட்கார்ந்திருந்த சாயங்காலங்கள் அதில் இல்லை. அவற்றுக்கு விலை போட எனக்கும் தெரியவில்லை. பணியைச் சேமித்து வைக்க முடியாது என்று அன்று ஆசிரியர் அறையில் எமலியிடம் நான் சொன்னது பாடத்தின்படி சரிதான்.

ரோஸ்லின் சாயங்கால ரயிலுக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று, "அக்கா விசில் எங்கன டீச்சர்? நான் எடுத்துக்கிடட்டுமா?" என்று கேட்டாள்.

"தேடிப் பாக்கேன்" என்றேன்.

அவள் பார்வை என் கழுத்தோரம் சேலைக்குள் போகிற நாடாவில் ஒரு கணம் நின்றது.

"கெடச்சா நீங்களே வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள். தெருமுனை திரும்பும்வரை கையாட்டினேன். கிறிஸ்துமஸுக்கு வருகிறாளாம். வரட்டும். ரசம் வைக்கச் சொல்லி, அப்படி என்ன போடுகிறாள் என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

இந்த நோட்டையும் முத்துச்செல்வி கேட்டிருக்கிறாள். கொடுக்கப்போகிறேன். யார் படிப்பார்களோ தெரியாது. ஆனால் பாடம் முடிந்ததும் ஒரு பயிற்சி கொடுக்காமல் நான் வகுப்பைவிட்டு எழுந்ததில்லை.

உங்கள் வீட்டில் படுத்திருக்கும் ஒருவரை இரண்டு பேர் பார்த்துக்கொள்கிறீர்கள் என்றால், இன்று முறை மாறும்போது சாவியோ துண்டோ ஏதாவது ஒரு பொருளை மற்றவர் கையில் வைத்து, என்ன கொடுத்தீர்கள், என்ன கொடுக்கவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அவர் இறுக்கிப் பிடித்த பிறகு கையை எடுங்கள்.